வலி நின்ற பிறகும் ஆறாத காயம்: மண்ணீரலில் அடிபட்டவர்களின் கேள்விகள்

வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கன்றிப்போனவர்களிடமிருந்தும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வலியும் குறைந்துவிட்டது, பிறகு எதற்காகப் பயப்பட வேண்டும் என்ற குழப்பம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. அதை நேரடியாகவே கேட்டிருக்கும் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 34. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் இடது விலாப்பக்கம் அடிபட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மண்ணீரல் கன்றிப்போயிருக்கிறது, இரண்டாம் கிரேடு காயம் என்றார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, பெரிதாகச் சிகிச்சை எதுவும் செய்யாமல் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று ஒன்பதாம் நாள். வலி அடியோடு நின்றுவிட்டது, நாளை மறுநாள் வேலைக்குப் போகிறேன் என்கிறார். அவருடைய வேலை சரக்கு ஏற்றி இறக்குவது. போகலாமா?

பதில்: போகக் கூடாது, அம்மா. ஏன் என்று அவரையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள். காரணம் புரியாத கட்டுப்பாட்டை, வலி இல்லாத மனிதர் யாரும் இரண்டு வாரம் தாண்டிக் காப்பாற்றுவதில்லை.

மண்ணீரல் வயிற்றின் இடது மேல்புறத்தில், இரைப்பைக்குப் பின்னால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்துக்குக் கீழே, ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 150 கிராம் எடையும், ஒரு கைமுட்டி அளவும் உள்ள சிறிய உறுப்புதான். ஆனால் நிமிடந்தோறும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது கால் லிட்டர் அளவுக்கு, அதன் வழியாகப் பாய்ந்து செல்கிறது. உள்ளே இருக்கும் சதை, ரத்தத்தில் ஊறிய பஞ்சு போல மென்மையானது. அதைச் சுற்றி இருக்கும் உறையோ மிக மெல்லியது. பழைய முதிர்ந்த சிவப்பணுக்களை வடிகட்டி அகற்றுவதும், ரத்தத்தில் நுழைந்த கிருமிகளைப் பிடித்து அழிப்பதும் இதன் வேலை. ஆகவே இவ்வளவு ரத்தம் அதற்குத் தேவைப்படுகிறது. அடிபட்டால் இவ்வளவு எளிதில் ரத்தம் கசிவதும் அதனால்தான்.

கன்றிப்போயிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டு விதமான காயங்களைக் குறிக்கிறார்கள். ஒன்று, உறை கிழியாமல் இருக்க, உறைக்கும் சதைக்கும் நடுவிலோ சதைக்குள்ளேயோ ரத்தம் கசிந்து கட்டிக்கொள்வது. கையில் அடிபட்டால் தோலுக்கு அடியில் ரத்தக்கட்டு வருவது போல. மற்றொன்று, மேற்பரப்பில் ஏற்படும் சிறு கிழிசல். இவற்றின் அளவைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை கிரேடு கொடுக்கிறார்கள். ரத்தக்கட்டு மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவும், கிழிசல் 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறைவாகவும் இருந்தால் அது முதல் கிரேடு. உங்கள் கணவருக்குச் சொல்லப்பட்ட இரண்டாம் கிரேடில் ரத்தக்கட்டு மேற்பரப்பில் பாதி வரை பரவியிருக்கலாம், அல்லது கிழிசல் 3 சென்டிமீட்டர் ஆழம் வரை போயிருக்கலாம். அதற்கு மேல் மூன்றாவது. உள்ளே நுழையும் ரத்தக்குழாய்கள் சேதப்பட்டிருந்தால் நான்காவது. உறுப்பே சிதறிப்போயிருந்தாலோ, ரத்தம் மண்ணீரலைத் தாண்டி வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தாலோ ஐந்தாவது.

மருத்துவமனையில் எதுவும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு நாளும் அவருக்கு நடந்ததுதான் சிகிச்சை. நாடியும் ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கும் ஒருவரின் மண்ணீரல், கசிவைத் தானே அடைத்துக்கொண்டு ஆறிவிடும் ஆற்றல் உள்ளது. அதை வெட்டி எடுக்காமல் விட்டுவிட்டால் அவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு காவல் மிச்சமாகிறது. ஆனால் விட்டுவிடுவதென்றால், நிலைமை மாறுகிறதா என்று மணிக்கணக்கில் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாறினால் அந்த நொடியே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக ஆட்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தூங்குகிறவரின் மணிக்கட்டைத் தொட்டு நாடி எண்ணிவிட்டு, வயிற்றில் உள்ளங்கையை மெல்ல வைத்து விறைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது, சிகிச்சை போலவே தோன்றாத சிகிச்சை.

இனி, வலி நின்றுவிட்டதே என்ற கேள்விக்கு வருகிறேன். மண்ணீரலுக்குள் இருக்கும் சதைக்கு வலியை உணரும் நரம்புகள் மிகக் குறைவு. உங்கள் கணவர் உணர்ந்த வலியில் பெரும்பகுதி அடிபட்ட விலாவிலிருந்தும், மேல்தோல், தசை, உறை ஆகியவற்றின் இழுபடுதலிலிருந்தும் வந்தது. தசைக் கன்றல் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் கிழிசல் முற்றிலும் ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், பெரிய காயங்களுக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும். வலி நின்ற நாளுக்கும் காயம் ஆறிய நாளுக்கும் இடையில் உள்ள இந்த வாரங்கள்தான் எனக்குக் கவலை தருபவை. அந்த இடைவெளியில் அவருக்குத் தான் நலமாகிவிட்டதாகவே தோன்றும். தோன்றுவதை நம்பி மூட்டையைத் தூக்குவார்.

தூக்கினால் என்ன ஆகும்? மூச்சைப் பிடித்து எடை தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் பன்மடங்கு ஏறுகிறது. உறைக்கு அடியில் கட்டியிருக்கும் ரத்தம் சில நாளில் கரைந்து, சுற்றியுள்ள நீரை ஈர்த்துச் சற்றே பெருக்கவும் செய்யும். ஏற்கெனவே இழுபட்டிருக்கும் உறை அந்த நேரத்தில் ஒரு சிறு இடியிலோ திடீர் முறுக்கிலோ கிழிந்துவிடலாம். சிலருக்கு உள்ளே சேதமான ரத்தக்குழாயின் சுவர் பலூன் போலப் புடைத்துக்கொண்டு, நாள் கழித்து வெடிப்பதும் உண்டு. இரண்டு நாளுக்கு மேல் நன்றாக இருந்தவருக்குப் பிறகு இப்படி ரத்தம் பீறிடுவதைத் தாமதித்த வெடிப்பு என்கிறோம். பெரும்பாலும் அது முதல் இரண்டு வாரத்துக்குள் நேர்கிறது. அரிதாக அதற்கு அப்பாலும் நேர்ந்திருக்கிறது. சிறிய கிரேடு காயங்களில் இது அடிக்கடி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் தூக்கமின்றித் தவிக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் கணவர் இப்போது இருப்பது அந்த இரண்டு வாரத்தின் நடுவே. உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அனுப்பலாம் என்பேன். சரக்கு தூக்கும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அவரைப் பார்த்துவரும் மருத்துவர் மறுபரிசோதனை செய்து சரியென்று சொன்ன பிறகே போக வேண்டும். வேலையிடத்தில் கேட்டால் கொடுக்க மருத்துவரிடம் சான்றிதழ் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருமானம் நின்றுபோகும் கவலைதான் பலரை முன்கூட்டியே கிளப்பிவிடுகிறது என்பதை நான் அறிவேன்.

இன்னொன்று. அவரை எட்டு வாரமும் படுக்கையிலேயே கிடத்தி வைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிவந்தோம். வீட்டுக்குள் நடமாடுவதாலோ மெதுவாகப் படியேறுவதாலோ மண்ணீரலில் ரத்தக்கசிவு கூடுவதில்லை என்று இப்போது தெரிகிறது. நெடுநாள் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைவதும் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குவதும்தான் மிச்சம். விலா வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடாமல், மணிக்கு ஒருமுறை ஐந்தாறு தடவை ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தனியாக வசிக்கிறேன். மண்ணீரலில் சிறு காயம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏதாவது வித்தியாசமாக இருந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். எது வித்தியாசம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: நியாயமான கேள்வி. வித்தியாசமாக இருந்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பும் எங்களைப் போன்றவர்கள் இதை விரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வயிறுதான் வலிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், விழுந்து ஆறு நாள் ஆன ஓர் இளைஞர் இடது தோளின் உச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தோளை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தேன், எங்கும் தடையில்லை, அழுத்தினாலும் வலிக்கவில்லை. அப்படியும் தோளுக்கே எக்ஸ்ரே எழுதினேன். எக்ஸ்ரே மேசையில் மல்லாந்து படுக்க வைத்ததும் தோள்வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைக் கேட்ட மூத்த மருத்துவர் ஓடி வந்து வயிற்றில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தபோது, மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ரத்தம் தேங்கியிருந்தது. உதரவிதானத்துக்கும் தோளின் உச்சிக்கும் உணர்வு தரும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுகின்றன. உதரவிதானத்தின் அடியில் ரத்தம் பட்டு உறுத்தும்போது மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது. படுத்தால் ரத்தம் மேல்நோக்கி ஓடி உதரவிதானத்தைத் தொடுவதால் வலி கூடுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கெர் பெயரால் இதைக் கெர் அறிகுறி என்கிறோம். அந்த இளைஞர் பிழைத்தார். அன்றிலிருந்து, வயிற்றில் அடிபட்ட யாரையும் இடது தோளைப் பற்றிக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை. உங்களுக்குத் தோள்பட்டையில் அடிபடாமலே இடது தோளின் உச்சியில் வலி புதிதாக வந்தால், அதிலும் படுக்கும்போது கூடினால், உடனே கிளம்புங்கள்.

அதோடு, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, மயக்கம், காரணமில்லாமல் உடல் வியர்த்துக் குளிர்ந்துபோவது, முகம் வெளிறுவது, அடங்காத தாகம், மனப்பதற்றம், வயிறு உப்பி விறைப்பது, அடங்கியிருந்த இடது மேல்வயிற்று வலி திரும்பி வருவது ஆகிய எதுவும் காலை வரை காத்திருக்கத் தக்கதல்ல. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முழு நிமிடம் எண்ணி, தினமும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். வழக்கமாக 72 என்று இருப்பது ஓய்வாகப் படுத்திருக்கும்போதே 100-ஐத் தாண்டினால் அது செய்தி. வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வைத்திருப்பவர்கள் அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. உடலில் உள்ள ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியேறும் வரைகூட மேல் அழுத்தம் இறங்காமல் இருக்கலாம், நாடிதான் முதலில் ஓடத் தொடங்கும். இருதயத்துக்காக நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் மழுங்கிப்போகும் என்பதால், அவர்கள் மற்ற அறிகுறிகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

தனியாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரமாவது யாரேனும் உடன் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அல்லது காலையும் இரவும் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் எடுக்காவிட்டால் நேரில் வந்து பார்க்கும் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் உள்ள இடங்களுக்குப் பயணம் போவதையும் அதுவரை ஒத்திவையுங்கள். மயக்கம் வந்தால் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆம்புலன்சை அழையுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு அடிபட்ட அன்று ஹீமோகுளோபின் 14 இருந்தது. அப்படியும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். ஒரே பரிசோதனையை இத்தனை முறை செய்வது தேவைதானா?

பதில்: தேவைதான். ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுக்களும் நீர்ப்பகுதியும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே வெளியேறுகின்றன. ஒரு குடத்துப் பாலில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மிச்சப் பாலின் கெட்டித்தன்மை மாறாது அல்லவா? அதுபோல, கசிவு தொடங்கிய முதல் மணிகளில் ஹீமோகுளோபின் அளவு அப்படியே இருக்கும். உடல் திசுக்களிலிருந்து நீர் ரத்தக்குழாய்க்குள் வந்து சேர்ந்து, சிரை வழியாக ஏற்றும் திரவமும் கலந்த பிறகே அளவு இறங்கத் தொடங்கும். ஆகவே முதல் 14 ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே, 14, 13.6, 13.5, 13.5 என்று சமமாகி நிற்கிறதா, 14, 12.8, 11.2 என்று வழுக்கிக்கொண்டே போகிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

கேள்வி: எனக்கு நான்காம் கிரேடு காயம். தொடை வழியாகக் குழாய் செலுத்தி மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டார்கள். ரத்தம் போகாவிட்டால் மண்ணீரல் செத்துவிடாதா?

பதில்: எம்போலைசேஷன் என்ற அந்தச் சிகிச்சையில் பொதுவாக மண்ணீரலின் பிரதானத் தமனியைத் தொடக்கத்திலேயே சிறு கம்பிச் சுருள்களால் அடைக்கிறார்கள். இரைப்பையிலிருந்தும் கணையத்தைச் சுற்றியும் வரும் சிறு கிளைகள் மண்ணீரலுக்குத் தொடர்ந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் மட்டும் தணிந்துவிடுவதால் காயம் ஆற வாய்ப்புக் கிடைக்கிறது. சில வேளைகளில் ரத்தம் கசியும் குறிப்பிட்ட கிளையை மட்டும் தேடிப்போய் அடைப்பார்கள், அப்போது அந்தக் கிளையை நம்பியிருந்த சிறு பகுதி செயலிழக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு சில நாள் இடது பக்க வலியும் லேசான காய்ச்சலும் இருப்பது வழக்கம். காய்ச்சல் குறையாமல் ஏறினாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, சீழ் பிடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய காயத்துக்குச் சில நாள் கழித்து மறு ஸ்கேன் எடுத்து, ரத்தக்குழாய் எங்கும் புடைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்வதும் நல்லது. தடுப்பூசி உங்களுக்குத் தேவையா என்பதைச் சிகிச்சை செய்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு பகுதி மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த முடிவு மாறும்.

கேள்வி: எங்கள் ஒன்பது வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்தபோது கைப்பிடி வயிற்றில் குத்திவிட்டது. மண்ணீரலில் மூன்றாம் கிரேடு கிழிசல். அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும் என்கிறார்கள். இவ்வளவு பெரிய கிழிசலைத் தைக்காமல் விடுவதற்கு எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: பெற்ற மனம் பதறுவது இயல்பு. ஆனால் உங்கள் மகனின் மருத்துவர்கள் சொல்வது சரி. குழந்தைகளின் மண்ணீரல் உறை, பெரியவர்களுடையதைவிட உறுப்பின் அளவுக்குச் சற்றுத் தடிமனானது, நெகிழ்வும் கூடுதல். கிழிந்த ரத்தக்குழாய்களும் விரைவாகச் சுருங்கிக்கொள்கின்றன. நாடியும் அழுத்தமும் நிலையாக உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கத்தி படாமலே குணமாகிறார்கள்.

இது எளிதில் வந்த அறிவு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை, மண்ணீரலில் காயம் என்றாலே எடுத்துவிடுவதுதான் முறை. அது இல்லாமல் மனிதர் நலமாக வாழலாம் என்று நம்பினார்கள். 1952-இல் கிங், ஷூமாக்கர் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், ரத்தநோய்க்காக மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பின்னர் கடுமையான கிருமித்தொற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகுதான் இந்த உறுப்பின் மதிப்பு புரிந்தது. டொராண்டோவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவத்தை உபாத்யாயா, சிம்ப்சன் ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்டு, குழந்தைகளின் மண்ணீரல் காயம் தானே ஆறக்கூடியது என்று காட்டினார்கள். குழந்தைகளிடம் பார்த்துத் துணிவு பெற்ற பிறகே பெரியவர்களுக்கும் அதே வழியைப் பின்பற்றத் தொடங்கினோம். உங்கள் மகனைத் தைக்காமல் விடுவதற்குப் பின்னால் இத்தனை ஆண்டுப் பாடம் இருக்கிறது.

சைக்கிள் கைப்பிடி குத்திய குழந்தைகளிடம் நான் தனியாக ஒன்றைத் தேடுவேன். கைப்பிடியின் முனை பதிந்த இடத்தில், வயிற்றுத் தோலில் நாணயம் போன்ற ஒரு சிவந்த வட்டம் இருக்கும். அந்த வட்டம் நடுவயிற்றுக்கு அருகில் இருந்தால், மண்ணீரலோடு கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்பின்மேல் நசுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் காயங்கள் முதல் நாளில் வெளியே தெரியாமல், இரண்டு மூன்று நாள் கழித்து வாந்தியாகவும் முதுகுவலியாகவும் தலைகாட்டும். வீட்டுக்கு வந்த பிறகு மகன் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தால், அதை வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே அழைத்துப் போங்கள்.

எத்தனை நாள் விளையாடாமல் இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர்கள் சங்கம் 2000-ஆம் ஆண்டில் ஓர் எளிய கணக்கைத் தந்தது. கிரேடு எண்ணோடு இரண்டைக் கூட்டினால் வருவது வாரக் கணக்கு; உங்கள் மகனுக்கு ஐந்து வாரம். பள்ளிக்கு அதற்கு முன்பே போகலாம், ஆனால் உடற்பயிற்சி வகுப்பும் இடைவேளை ஓட்டமும் கூடாது என்று வகுப்பாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வலி இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளை மரத்தில் ஏறுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்களே.

கேள்வி: விலா வலிக்கு எந்த மாத்திரை சாப்பிடலாம்? நான் தினமும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன்.

பதில்: ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்வதைக் குறைப்பதால், ஆறிவரும் மண்ணீரல் உள்ளவர்கள் அவற்றை மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கல்லீரல் நோய் இல்லாதவர்களுக்குச் சரியான அளவில் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. நீங்கள் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரின் இருதயத்துக்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ கொடுக்கப்பட்டதென்றால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். மண்ணீரலைப் பார்க்கும் மருத்துவரும் இருதயத்தைப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. இன்றே கேளுங்கள்.

கேள்வி: மண்ணீரல் விரைவில் ஆற என்ன சாப்பிட வேண்டும்? ரத்தக்கட்டு கரைய அந்த இடத்தை நீவிவிடலாமா?

பதில்: மண்ணீரலை மட்டும் தேடிப்போய் ஆற்றும் உணவு எதுவும் இல்லை. வழக்கமான சத்தான உணவும், மலச்சிக்கல் வந்து முக்க நேராதபடி போதிய தண்ணீரும் நார்ச்சத்தும் போதும். நீவிவிடுவது கூடவே கூடாது. அழுத்தி நீவுவது, சூடு ஒற்றுவது, வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது மூன்றையும் தவிர்க்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கால்பந்து விளையாடும் கல்லூரி மாணவன் நான். முதல் கிரேடு காயம் ஏற்பட்டு ஐந்து வாரம் ஆகிறது. போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

பதில்: இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள், தம்பி. நடைப்பயிற்சியும், மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவோட்டமும் இப்போது தொடங்கலாம். முழங்கையும் முழங்காலும் விலாவில் மோதக்கூடிய விளையாட்டுகளுக்குப் பெரியவர்கள் மூன்று மாதம் வரை காத்திருப்பதே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. சிறிய காயத்துக்கு உங்கள் மருத்துவர் அதைச் சற்றுக் குறைக்கக்கூடும், அதை அவர் சொல்ல வேண்டும். அடிபட்ட நாள்களில் உங்களுக்குத் தொண்டை வலியோடு நீண்ட காய்ச்சலோ மலேரியாவோ இருந்ததா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தொண்டை வலியோடு கழுத்துச் சுரப்பிகள் வீங்கும் வைரஸ் நோயான சுரப்பிக் காய்ச்சல், மலேரியா போன்ற நோய்களில் மண்ணீரல் வீங்கி, விலாவின் காப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட மண்ணீரல் சாதாரணத் தட்டலிலேயே கிழிந்துவிடும்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் என் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். தடுப்பூசி எதுவும் போடவில்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் போட்டுப் பயன் உண்டா?

பதில்: உண்டு. இந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்க வைத்தது உங்களுடையதுதான். அன்று உங்களைக் காப்பாற்றியவர்கள் செய்தது சரி. உயிர் போகும் அளவுக்கு ரத்தம் கொட்டும்போது மண்ணீரலை எடுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

சர்க்கரைப் பொருளால் ஆன உறையைப் போர்த்திக்கொண்டிருக்கும் சில கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்கு நிகர் வேறில்லை. நிமோகாக்கஸ் அவற்றில் முதன்மையானது. மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி வகையும் அடுத்தவை. மண்ணீரல் இல்லாதவருக்கு இவை ரத்தத்தில் புகுந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலும் உடல்வலியுமாகத் தொடங்குவது மறுநாளைக்குள் உயிரைப் பறிக்கும் நிலைக்குப் போய்விடலாம். சிகிச்சை கொடுத்தும் பாதிப் பேர் வரை இறக்கும் கொடுமை அது. நேர்வது அரிது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அது எந்த ஆண்டிலும் முற்றிலும் நீங்குவதில்லை. பதினோரு ஆண்டு கடந்துவிட்டது என்பதை ஒரு பாதுகாப்பாக எண்ண வேண்டாம்.

ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து மூன்று கிருமிகளுக்குமான தடுப்பூசிகளைத் தொடங்குங்கள். அவசர அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 14 நாள் கழித்துப் போடுவது வழக்கம், பதினோரு ஆண்டு கழித்துப் போட்டாலும் அவை வேலை செய்யும். நிமோகாக்கஸ் ஊசியில் சில வகைகளை ஒரு தடவை போட்டால் போதும், சிலவற்றுக்குப் பிறகு வேறு ஊசி தேவைப்படும். மெனிங்கோகாக்கஸ் ஊசியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவை தவிர, ஃபுளூ காய்ச்சலுக்கான ஊசி ஆண்டுதோறும். எந்த ஊசி, எந்தத் தேதி என்பதை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

சிலருக்கு விபத்தில் சிதறிய மண்ணீரல் துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி வளர்ந்திருக்கும், பிறவியிலேயே சிறு துணை மண்ணீரல் உள்ளவர்களும் உண்டு. யாராவது அதைச் சொல்லி உங்களுக்கு ஊசி வேண்டாம் என்றால் ஏற்காதீர்கள். அந்தத் துணுக்குகள் முழுக் காவலைத் தரும் என்று நம்பியிருக்க முடியாது.

தடுப்பூசி போட்ட பிறகும் காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள். வெப்பமானி 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நடுக்கம் வந்தாலோ, மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமாக எனக்கு மண்ணீரல் இல்லை என்று சொல்லுங்கள். மருத்துவமனை தொலைவாக இருந்தால் புறப்படும்முன் போட்டுக்கொள்ள ஓர் ஆன்டிபயாடிக்கை வீட்டில் வைத்திருக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதித் தருவதை வாங்கி வையுங்கள். நாய் கடித்தாலும், கீறல் அளவே ஆனாலும், அதே நாளில் காட்டுங்கள். நாயின் எச்சிலில் உள்ள ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர்களைக் கடுமையாகத் தாக்கும். மலேரியா உள்ள இடங்களுக்குப் போவதானால் தடுப்பு மாத்திரை இல்லாமல் போக வேண்டாம்.

உங்கள் பணப்பையில் ஒரு சிறு தாளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயருக்குக் கீழே, மண்ணீரல் அகற்றப்பட்டவர், காய்ச்சல் இருந்தால் உடனடியாகச் சிரை வழி ஆன்டிபயாடிக் தேவை என்று எழுதி, அகற்றிய ஆண்டையும் குறிப்பிடுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் யாராவது உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தால், உங்களுக்காக அந்தத் தாள் பேசும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.